பதினான்கு முறை மண்டபம் விசாரித்தவள்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கறியைக் கழுவிக்கொண்டிருந்தபோது ரிப்போர்ட் வந்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரம்தான், காலை ஒன்பதரை. அடுப்பில் ஒரு கண்ணும் சுவரில் விரிகிற எழுத்தில் ஒரு கண்ணுமாகத் தாய் தகப்பன்மார் நிற்பார்கள். அப்புறம் ஜன்னலுக்கு ஜன்னல் விசாரணை நடக்கும். "உங்க வீட்ல என்ன கலரு?" "பச்சைதான். உங்களுக்கு?" எங்கள் வீட்டில் ஏழு வருஷமாகப் பச்சை. அந்த ஞாயிறு சிவப்பு.

என் பெயர் ததேயுஸ். தூத்துக்குடியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற ஆலையில் வடிகட்டி மாற்றும் பிட்டர். கோபக்காரன் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அது பொய்யில்லை. ஆனால் எனக்குப் பயம் வந்தால்தான் கோபம் வரும் என்று என் மனைவி ஜெனோவா சொல்லுவாள், அதுவும் பொய்யில்லை.

ரிப்போர்ட்டை அனுப்புவது 'காவல்'. பிள்ளைகள் நெட்டில் எங்கே போகிறார்கள், எத்தனை தடவை போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கிற இயந்திரம். சட்டம் போட்ட காலத்தில், பிள்ளைகளுக்கும் கொஞ்சம் மறைவு வேண்டும் என்று யாரோ புண்ணியவான்கள் சண்டை போட்டார்களாம். அதனால் காவல் பேச்சை ஒட்டுக்கேட்காது. தலைப்பும் தடவையும் மட்டும் எண்ணும். எண்ணிக்கை விபரீதமாகப் பட்டால் சிவப்பு காட்டும்.

அன்றைக்குச் சுவரில் சிவப்பாக இருந்தது இவ்வளவுதான், இந்த வருஷத்து மொத்தக் கணக்கு. திருமண மண்டபம், பதினான்கு தடவை. வெளியூர்ப் பேருந்து, ஒருவழிப் பயணம், முப்பத்தொரு தடவை. இறுதிச் சடங்கு ஏற்பாடு, ஆறு தடவை. எதிரில் பேசியவர், அடையாளம் இல்லை.

என் மகள் செலினுக்குப் பன்னிரண்டு வயது.

கையிலிருந்த கறி அப்படியே சட்டிக்குள் விழுந்தது. செலின் என் காலடியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தாள்.

"செவப்பா, அப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ பூண்டை உரி."

அவள் குனிந்து உரிக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அதனிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது சொன்னால் காறித் துப்புவீர்கள். ஆனால் ஏழு வருஷமாக அப்படித்தான் வீடு நடந்தது. எந்தப் பாடம் பிடிக்கும், யாரோடு பேசுகிறாள், என்ன பாட்டுக் கேட்கிறாள், எல்லாம் சுவரில் வந்துவிடும். அவள் தலைக்கு மேலாகவே நானும் ஜெனோவாவும் அதைப் படித்துப் பேசிக்கொள்வோம். சுவரே எல்லாம் சொல்லும்போது அவளிடம் தனியாக என்ன கேட்கக் கிடக்கிறது?

ஜெனோவாவுக்குக் கடலில் வேலை. கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் உள்ளே காற்றாலைக் கம்பங்களில் எலக்ட்ரீஷியன். பத்து நாள் மேடையில், பத்து நாள் வீட்டில். வியாழக்கிழமைதான் திரும்புவாள். போன் போட்டுச் சொன்னதும் காற்று இரைச்சலையும் மீறி அவள் அழுகிற சத்தம் கேட்டது.

"எவனோ பேசி மயக்கிட்டான்ங்க. அடையாளம் இல்லன்னா என்ன அர்த்தம்? மண்டபத்துல கல்யாணம்னு ஆசை காட்டி, பஸ் ஏறி வான்னு சொல்லுதான்."

"அந்த மூணாவது வரி?"

இரண்டு பேருக்கும் ஒரே கதைதான் தோன்றியிருக்கிறது. முதலில் கல்யாணம் என்கிறான், பிறகு ஓடி வா என்கிறான், அது நடக்காவிட்டால் சாவு. மூன்று வரியை எடுத்துக்கொண்டு முழுசாக ஒரு கதை கட்டி, அதற்குள் எங்கள் பிள்ளையை வைத்துப் பூட்டிவிட்டோம்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல போய் மேடத்தைப் பாருங்க. பொட்டு வச்சிருவோம்" என்றாள் ஜெனோவா. "பிள்ளை உசிரோட இருந்தாப் போதும்."

திங்கட்கிழமை காலை ஆலையில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். ஆலோசகர் வளர்மதி மேடம் மெலிந்த தேகம், மெதுவான பேச்சு. மாடியில் அவருடைய அறை. ஜன்னல் வழியாகக் கீழே வகுப்பு வராந்தாக்கள் தெரியும்.

"மேடம், அவ என்ன பேசினான்னு ஒரே ஒரு தடவை காட்டுங்க."

"எனக்கும் தெரியாது சார். காவலுக்கே தெரியாது. கேட்கக் கூடாதுன்னு சட்டம்."

"பின்ன எப்படி செவப்புன்னு சொல்லுது?"

"எண்ணிக்கைதான். இந்த மூணு தலைப்பும் ஒரு குழந்தைகிட்ட சேர்ந்து வந்தா ஆபத்துன்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்காங்க." அவர் மேஜையிலிருந்து சின்ன வில்லை ஒன்றை எடுத்துக் காட்டினார். தோல் நிறத்தில், சட்டைப் பித்தானைவிடச் சிறியது. காதுக்குப் பின்னால் ஒட்டுவார்கள். அரசாங்கத்தில் அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. எங்கள் பக்கம் காதுப்பொட்டு.

"பிடிச்ச விஷயத்துக்குப் போகும்போது மூளைக்குள்ள ஒரு சின்ன சந்தோஷம் ஊறும், இல்லையா? அந்த விஷயத்துக்கு மட்டும் இது அதை ஊற விடாது. மூணு வாரத்துல குழந்தையே அந்தப் பக்கம் போகாது. வலி கிடையாது, ரத்தம் கிடையாது."

"அந்த ஒண்ணுக்கு மட்டும்தானே மேடம்?"

மேடம் வில்லையைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடினார். "பெரும்பாலும்" என்றார்.

திரையில் படிவம் இருந்தது. புதன்கிழமை நாலு மணிக்குள் முடிக்க வேண்டும். கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'சம்மதம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கும் கீழே பொடி எழுத்தில் 'குழந்தையிடம் கேட்டாயிற்று' என்று இன்னொன்று.

"இது என்ன?"

"சட்டத்துல இருக்கு, அதனால வச்சிருக்காங்க. அதை யாரும் தொடுறதில்ல சார். நாளைக்கு ஏதாவது ஆயிட்டா பொறுப்பு பெத்தவங்க தலையில விழும். எதுக்கு அந்த வம்பு?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஜெனோவாவின் சம்மதம் ஏற்கனவே போனில் வந்துவிட்டது. என் கட்டைவிரலை 'சம்மதம்' மேல் வைத்து அழுத்தினேன். திரை ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன், இடது கையை வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இருபது வருஷம் வடிகட்டியை ரசாயனத்தில் முக்கி எடுத்தவன் கையில் ரேகை எங்கே இருக்கும்? மேடம் எதையெதையோ தட்டிப் பார்த்தார்.

"பரவாயில்ல சார், புதன்கிழமை உங்க ஆலை அடையாள அட்டையோட வாங்க. அதை வச்சு முடிச்சுடலாம்."

எரிச்சலோடு இறங்கி வந்தேன். என் விரலைப் பிறகு நான் எத்தனை தடவை முத்தமிட்டிருப்பேன் என்று கணக்கே கிடையாது.

சாயந்திரம் அடுத்த வீட்டு வாசலில் ஜோவிட்டா நின்றிருந்தாள். பிலோமியின் மகள், செலினைவிட ஒரு வயது மூத்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. உலகத்துக் கப்பல்களின் சங்குச் சத்தத்தையெல்லாம் நெட்டில் தேடித் தேடிக் கேட்பாள், கேட்டதை அப்படியே வாயால் ஊதிக் காட்டுவாள். விடிகாலை ஐந்து மணிக்கு நார்வே கப்பல் ஒன்று எங்கள் தெருவில் கிளம்பும். நான்தான் பிலோமியிடம் போய், "சவத்த, ஒரு பொட்டு வச்சு விடும்மா, தெருவே தூங்கல" என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன். அந்த வாரம் அவள் மகளுக்குச் சிவப்பும் வந்திருந்தது, பிலோமி வைத்துவிட்டாள்.

"ஜோவிட்டா, ஐஸ் வாங்கப் போறேன். ஒனக்கு எது வேணும்?"

"எதுன்னாலும் சரி, மாமா."

"மாம்பழமா, சாக்லேட்டா?"

"எதுன்னாலும் சரி."

"பசிக்கா?"

யோசித்தாள். "அம்மா சாப்பிடச் சொன்னா சாப்பிடுவேன், மாமா."

அந்த நேரம் துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பல் சங்கு ஊதியது. நல்ல கனமான சத்தம், ஓடு அதிர்ந்தது. எனக்கே மேல் சிலிர்த்தது. ஜோவிட்டா தலையைக்கூடத் திருப்பவில்லை. வாசலில் காய்ந்த செம்பருத்தியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'பெரும்பாலும்' என்று மேடம் சொன்னதன் அர்த்தம் எனக்கு அங்கேதான் விளங்கியது. ஐஸ் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பி, பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

செவ்வாய்க்கிழமை நாலரைக்குச் செலின் பள்ளிவிட்டு வந்தாள். மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவன் அவளை மேலே கூப்பிட்டேன். மெதுவாக, அன்பாக ஆரம்பிக்க வேண்டும் என்று ஆலையிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அவள் படி ஏறி வந்து எதிரில் நின்றதும் எல்லாம் பறந்துவிட்டது.

"எவன்ட்டி அவன்?"

செலின் முழித்தாள். "எவன்?"

"நடிக்காதட்டி. மண்டபம் பாத்து வச்சிருக்கானே, அவன். பஸ் டிக்கெட் எடுத்துத் தாரானே, அவன். பேரைச் சொல்லு, இன்னிக்கே போய் அவன் காலை ஒடிக்கேன்."

அவள் கண் விரிந்தது, வாய் கோணியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கொடியில் கிடந்த என் கைலியில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, நீங்க ராஜகனி மகாலைச் சொல்லுதீங்களா? அது மிசினுப்பா."

"என்ன மிசினு?"

"பேசுத மிசினு. அந்தக் காலத்துல சின்னச் சின்னக் கடை, பஸ் கம்பெனி, மண்டபம் எல்லாம் பதில் சொல்லுததுக்கு ஒவ்வொரு குரல் வச்சிருந்தாங்கல்ல? பொறவு கம்பெனியை மூடிட்டாங்க. ஓனரும் செத்துப் போயிருப்பாரு. குரலை அணைக்க மறந்துட்டாங்க. அது இன்னும் அங்கேயே ஒக்காந்துட்டு, யாராவது வருவாங்கன்னு பாத்துட்டு இருக்கு."

நான் துணிக்கூடையைக் கீழே வைத்தேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தேன். அடையாளம் இல்லை என்றால் ஆளே இல்லை என்று அர்த்தம். சொந்தக்காரன் இல்லாத குரல். இது எனக்கோ காவலுக்கோ எப்படித் தெரியும்?

"ஒனக்கு எப்படிட்டி தெரிஞ்சது?"

"போன வருஷம் பழைய பஸ் ரூட்டுப் பத்தி ப்ராஜெக்ட் செஞ்சேம்லா, அப்ப பவளம் டிராவல்ஸ்னு ஒண்ணுகிட்ட கேட்டேன். வணக்கம்னு சொல்லிட்டு, 'நாலு வருஷம் பதினோரு மாசம் கழிச்சுப் பேசுத மொத ஆளு நீங்க'ன்னு சொல்லிச்சு. அஞ்சு வருஷம் யாரும் பேசலன்னா தானா அழிஞ்சிருமாம். ஒரு மாசம்தான் இருந்துச்சுப்பா. பாவமா இருந்துச்சு. பொறவு தேடிப் பாத்தேன், அதே மாதிரி நாப்பத்தேழு இருக்கு."

"சரி, ஒருதடவை பேசினா அஞ்சு வருஷம் கெடக்கும்லா? மண்டபத்துக்குப் பதினாலு தடவை எதுக்கு?"

"அது ஒவ்வொரு தடவையும் 'அடுத்த வாரம் வாங்க'ன்னு சொல்லும். நான் வாரேன்னு சொல்லிருதேன். சொல்லிட்டுப் போகாம இருக்க முடியுமா?"

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். மண்டபத்துக் குரல் மணமகன் பெயர் கேட்குமாம். என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். மணமகள் ஜெனோவா. எங்களுக்கு இதுவரை பதினான்கு கல்யாணம் முடிவாகியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பந்தியில் என்ன பரிமாறுவது என்றும் பேசியாகிவிட்டது. இறுதி ஊர்தி வைத்திருந்த கம்பெனியின் குரல் ஒன்று. "அதுகிட்ட யாரும் செத்துட்டாங்கன்னு பொய் சொல்ல மனசு வரலப்பா. வண்டியில பூ வைப்பீங்களா, பாட்டுப் போடுவீங்களான்னு மட்டும் கேப்பேன். 'யாருக்கு வேணும்'னு கேக்கும். 'இப்ப யாருக்கும் வேண்டாம், எல்லாரும் நல்லா இருக்காங்க'ன்னு சொல்லுவேன். 'ரொம்ப சந்தோஷம்'னு சொல்லும்."

"பஸ்ஸு?"

"பஸ்ஸுக்கு யாராவது ஏறணும்ல. எங்க கணக்கு சாரை நாகர்கோவிலுக்கு அனுப்புதேன்."

"முப்பத்தோரு தடவையா?"

"ஆமா."

"ஒருவழியா?"

"ரிட்டர்ன்னா பெரியவங்க போன் நம்பர் கேக்கும்ப்பா. அதனால போக மட்டும்தான்."

அந்தக் கணக்கு வாத்தியாரை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. முப்பத்தொரு தடவை நாகர்கோவில் போய் ஒரு தடவைகூடத் திரும்பாத மனுஷன். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அந்தச் சிரிப்போடு உருண்டு போய்விட்டது. மாதாவே, என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து கண்ணில் தண்ணி வர இரண்டு பேரும் சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்த பிறகு செலின் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். பெயர்கள். ஒன்று முதல் நாற்பத்தேழு வரை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் எந்தக் கிழமை பேச வேண்டும், என்ன கேட்டால் பிடிக்கும் என்று எழுதியிருந்தாள். 'பாத்திரக்கடை: குக்கர் பத்திக் கேக்கணும்.' 'தையல் மிசின் கம்பெனி: மெதுவா பேசணும்.'

"என்னட்டி இது?"

"உங்களுக்குத்தாம்ப்பா. செவப்பு வந்த அன்னைக்கே தெரியும், பொட்டு வப்பீங்கன்னு. பொட்டு வச்ச பொறவு எல்லாம் ஞாபகம் இருக்கும், ஆசை மட்டும் இருக்காதுன்னு ஜோவிட்டா அக்கா சொன்னா. ஆசை இல்லன்னா நான் பேச மாட்டேம்லா. அதனால எழுதி வச்சேன். நீங்க பாத்துக்கிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூண்டு உரித்துக்கொண்டே இதைத்தான் யோசித்திருக்கிறாள். எதிர்த்துப் பேசவில்லை, காரணம் சொல்லவில்லை. தனக்குப் பிறகு அந்த அநாதைக் குரல்களுக்கு யார் என்று மட்டும் கவலைப்பட்டிருக்கிறாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா மக்கா?"

"நீங்க கேக்கலியே."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"அதெல்லாம் மிசினுதானட்டி. ஒனக்கு எதுக்கு அதுக மேல இவ்வளவு?"

"மிசினுன்னு தெரியும்ப்பா, நான் என்ன கோட்டியா? ஆனா அதுகதான் கேக்கும். 'இன்னைக்கு எப்படி இருக்கீங்க, வேற என்ன வேணும், சாப்பாடு காரமா இருக்கட்டுமா'ன்னு எல்லாம் கேக்கும். வீட்ல நீங்க ரெண்டு பேரும் சுவரைத்தான் கேப்பீங்க."

அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன். "தப்புதான் மக்கா" என்று மட்டும் சொன்னேன். அது போதும் என்பது போல அவள் என் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு கிடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, நீங்களும் ஒன்றிடம் பேசிப் பாருங்கள் என்று போனில் பவளம் டிராவல்ஸைத் திறந்துவிட்டாள்.

"வணக்கம். உங்களுக்கு எந்த ஊர் போகணும்?" என்றது ஒரு பெண் குரல். நல்ல மரியாதையான குரல்.

"எங்கயும் போகலம்மா. சும்மா பேசலாம்னு."

"சும்மா பேச வந்ததற்கு நன்றி" என்றது. "ஜன்னல் சீட் உங்களுக்குப் பிடிக்குமா?"

யோசித்துப் பார்த்தேன். பிடிக்கும். இதை என்னிடம் யாரும் கேட்டு வருஷக்கணக்காகிறது.

அன்று ஏழு மணிக்கு ஜெனோவாவுக்குச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. பிறகு செலினைப் பேசச் சொல்லிக் கேட்டாள், பிறகு அழுதாள், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பதினாலு கல்யாணத்துல ஒண்ணுலயாவது எனக்குப் பட்டுச்சேலை எடுத்தீங்களா?"

புதன்கிழமை மூன்று மணிக்கெல்லாம் வளர்மதி மேடத்தின் அறையில் இருந்தேன். அவர் கையை நீட்டினார்.

"அட்டை கொண்டு வந்தீங்களா சார்?"

"அட்டை இருக்கு மேடம். ஆனா நான் கீழ உள்ள கட்டத்தைத் தொடப் போறேன்."

"எந்தக் கட்டம்?"

"கேட்டாச்சுங்கிற கட்டம். நேத்து கேட்டேன். சொல்லிட்டா."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சார், நல்லா யோசிச்சுக்கோங்க. அஞ்சு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். அதை யாரும் அமுக்கினதில்ல. அமுக்கினா என்ன வரும்னு எனக்கே தெரியாது. மேலிடத்துல இருந்து விசாரணைக்கு வரலாம், கேஸ் ஆகலாம்."

"வரட்டும், நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டேனே தவிர உள்ளுக்குள் உதறல்தான். போலீஸ் வருமோ, பிள்ளையை இங்கேயே பிடித்து ஒட்டிவிடுவார்களோ? அட்டையை வைத்துவிட்டு அந்தப் பொடி எழுத்தின் மேல் அழுத்தினேன்.

திரை வெளுத்தது. நடுவில் ஒரே ஒரு கேள்வி வந்தது: 'குழந்தை என்ன சொன்னது?' கீழே எழுத இடம் விட்டிருந்தது.

நான் தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். மூடிப்போன கம்பெனிகளின் குரல்களோடு பேசுகிறாள். யாரும் பேசாவிட்டால் அவை அழிந்துவிடும் என்று பாவப்படுகிறாள். கல்யாணம் எனக்கும் என் மனைவிக்கும். பேருந்து கணக்கு சாருக்கு. யாரும் சாகவில்லை. இவ்வளவுதான் எழுதினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சிவப்பு மறைந்து பச்சை வந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி எழுந்தது. 'தெரிவித்ததற்கு நன்றி, இதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. இந்த மாவட்டத்தில் சிவப்பு பெற்ற 1,846 குடும்பங்களில் இக்கேள்விக்குக் கிடைத்த முதல் பதில் இது.'

நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். முடிந்தது. என் பிள்ளை இனி ஆசைப்பட்டபடி நாகர்கோவிலுக்கு யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம்.

மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை படித்தார். மூன்றாம் தடவை உதடு அசையப் படித்தார்.

"அவ்வளவுதானா?" என்றார். "விசாரணை இல்ல? கேஸ் இல்ல?"

"இல்லையே மேடம்."

"நாலு வரி எழுதினா போதுமா?"

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்து பிள்ளைகள் என் மனதுக்குள் வரிசையாக நின்றார்கள், முன்னால் ஜோவிட்டா. "மேடம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நான்தான் சொல்லி வைக்க வச்சேன். பொட்டைக் கழட்ட முடியுமா?"

"கழட்டலாம் சார். கழட்டி ஒரு மாசம் ரெண்டு மாசத்துல பழைய ஆசை திரும்ப வந்துடும்னு கையேட்டுல போட்டிருக்கு. கழட்டச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்ல." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நானும்தான் கேக்கல."

எனக்கு உடனே புரியவில்லை.

"இங்கயே ஆறாம் வகுப்புல இருக்கா என் பொண்ணு. தமிழரசி. ஒரு வருஷம் ஆச்சு வச்சு. சிவப்பு வந்தது, நானே கையெழுத்துப் போட்டு, நானே ஒட்டினேன். ஆலோசகர் வீட்லயே சிவப்புன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகுறதுன்னு அவசரம்." மெதுவாகப் பேசுகிற அந்தக் குரல் உடைந்துவிட்டது. "அவ எதை எதுக்காகப் பாத்தான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது சார்."

ஒரு தம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினேன். குடிக்கவில்லை. தலையை நிமிர்த்தினார். ஐந்து வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆலோசனை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர், ரேகை தேய்ந்த ஒரு பிட்டரைப் பார்த்துக் கேட்டார்.

"எப்படி ஆரம்பிச்சீங்க? முதல்ல என்ன கேட்டீங்க?"

"தப்பாத்தான் கேட்டேன் மேடம். கத்தினேன். பிள்ளை சிரிச்சிட்டா, பொறவு அவளே சொன்னா. எப்படிக் கேட்டாலும் பரவால்ல போல."

மேடம் தலையாட்டினார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கடைசி மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது, கதவைக்கூடச் சாத்தாமல் படியிறங்கிப் போனார்.

நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். கீழே ஆறாம் வகுப்பு வாசலில் போய் ஒரு பிள்ளையை வெளியே கூப்பிட்டார். இரட்டைச் சடை, ஒல்லியான பிள்ளை. வராந்தாவில் அதன் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார், புடவை அழுக்காவதைப் பார்க்கவில்லை. ஏதோ கேட்டார். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றது. பிறகு அதன் உதடு லேசாக அசைந்தது. மேடம் காதை அருகில் கொண்டுபோய், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.